மண்வாரியை எடுக்கும் முன்: வாசகர் கேள்வி–பதில்

மழைக்காலம் வந்தால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களும் நனைந்துதான் வருகின்றன. "எங்கள் கம்பெனி ஆட்கள் வெள்ள நிவாரண வேலைக்குப் போக விரும்புகிறார்கள், எப்படிச் செய்வது?" என்ற ஒரே கேள்விதான் டர்பனின் நாலா பக்கத்திலிருந்தும் வெளியூர்களிலிருந்தும் வேறு வேறு உருவத்தில் வந்திருக்கிறது. 2022 ஏப்ரலில் குவாசுலு-நாட்டாலில் 430 பேருக்கு மேல் பலிகொண்ட வெள்ளமும், 2024 ஜூன் 3ஆம் தேதி டொங்காட்டைப் புரட்டிப்போட்ட சுழற்காற்றும் யாருக்கும் மறக்கவில்லை. ஆகவே இந்த இதழ் முழுக்க அதே பேச்சுதான். சமையல் குறிப்பும் ஜாதகமும் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

எங்கள் தொழிற்சாலையில் 60 பேர் வரத் தயார். சனிக்கிழமை காலை பஸ் பிடித்து, மண்வாரிகளோடு போய் இறங்கலாம் என்று திட்டம். சரிதானே?
— மேற்பார்வையாளர், மெர்பேங்க்

பஸ்ஸை ரத்து செய்யுங்கள். முதலில் இரண்டே பேரை ஒரு காரில் அனுப்புங்கள்.

வெள்ளம் வடிந்த தெரு குறுகலாக இருக்கும். அதில் 60 பேர் இறங்கினால் பத்துப் பேருக்கு வேலை கிடைக்கும், மற்றவர்கள் கைபேசியும் கையுமாக நிற்பார்கள். அந்த 60 பேருக்கும் தண்ணீர் வேண்டும், கழிப்பறை வேண்டும். இரண்டுமே அந்தத் தெருக்காரர்களுக்கே இல்லாத சமயம் அது. தண்ணீர் லாரி வரவேண்டிய முனையில் உங்கள் பஸ் நிற்கும்.

முன்னால் போகும் இரண்டு பேரில் ஒருவருக்குச் சுலு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். அவர்கள் விசாரித்து வரவேண்டியவை இவை: எந்தெந்த வீடு, வீட்டுக்காரர் அன்றைக்கு இருப்பாரா? உள்ளே போகலாம் என்று கட்டடத்தைப் பார்த்துச் சொன்னது யார்? மின்சாரம் துண்டித்தாயிற்றா? அள்ளும் சேற்றை எங்கே குவிப்பது, நகராட்சி லாரி அங்கே வருமா? பக்கத்தில் கழிப்பறை எது? இதற்கெல்லாம் பதில் இல்லாத தெருவுக்கு ஆள் அனுப்ப வேண்டாம்.

யாரிடம் கேட்பது? டர்பனை நிர்வகிக்கும் ஈதெக்வினி நகராட்சியின் பேரிடர் மேலாண்மைப் பிரிவு, வார்டு குழு, தங்கும் இடமாக மாறிய கோயில், பள்ளிவாசல், சர்ச் மண்டபங்களை நடத்துபவர்கள் ஆகியோரிடம். 1992இல் டாக்டர் இம்தியாஸ் சூலிமான் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் தொடங்கிய கிஃப்ட் ஆஃப் தி கிவர்ஸ் போன்ற நிவாரண அமைப்பு அந்த இடத்தில் ஏற்கெனவே வேலை செய்தால், அவர்களுடைய ஒழுங்குக்குள் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். ஒரே ஒருவர் கையில் இருக்கும் பெயர்ப் பட்டியலை மட்டும் நம்ப வேண்டாம். எந்தக் கட்சிக்காரர் பட்டியலானாலும் அதில் விடுபட்ட கடைசி வீடு ஒன்று இருக்கும்.

60 பேரை ஆறு குழுவாகப் பிரியுங்கள். ஆறு சனிக்கிழமை, வாரம் ஒரு குழு. முதல் வாரம் ஊரே வரும். ஆறாவது வாரம் டிவிக்காரர்கள் போயிருப்பார்கள், சுவர் மட்டும் ஈரமாகவே நிற்கும். அன்றைக்குப் போகும் பத்துப் பேருக்குத்தான் உண்மையான வேலை காத்திருக்கிறது.

வீட்டுக்குள் கணுக்கால் அளவு சேறு. பத்துப் பேர் எவ்வளவு நேரத்தில் முடிக்கலாம்? என்னென்ன கொண்டுபோக வேண்டும்?
— கிடங்கு ஊழியர், சாட்ஸ்வொர்த்

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 40 சதுர மீட்டர் வீடு, 10 செ.மீ. சேறு என்றால் 4 கன மீட்டர். ஈரச் சேறு கன மீட்டருக்கு சுமார் 1.7 டன் இருக்கும். ஆக ஏறக்குறைய 7 டன். கட்டட வேலைக்கான ஒற்றைச் சக்கர வண்டி 65 லிட்டர் கொள்ளும் என்றாலும் முழுக்க நிரப்பினால் 110 கிலோ, வாசற்படியிலேயே கவிழும். 40 லிட்டரோடு நிறுத்தினால் 68 கிலோ, நூறு நடை. மூன்று வண்டி, நடைக்கு ஆறு நிமிடம் என்றால் மூன்றேகால் மணி நேரத்துக்கு மேல். நனைந்த சோபாவையும் மெத்தையையும் வெளியே எடுப்பது, இளைப்பாறுவது எல்லாம் சேர்த்து ஒரு முழு நாள். பத்துப் பேருக்கு ஒரு நாளைக்கு ஒரு வீடு. அதற்கு மேல் வாக்குக் கொடுக்காதீர்கள். இரண்டாவது வீட்டுக்காரர் மாலை வரை காத்திருந்து ஏமாறுவார்.

தரையில் வழிக்கச் சதுர வாய் மண்வாரி நாலு, வெளியில் குவியலுக்குக் கூர் வாய் இரண்டு, வண்டி மூன்று, படியில் போட இரண்டு தடிப் பலகை, 20 லிட்டர் வாளி ஆறு, தண்ணீர் தள்ளும் ரப்பர் துடைப்பான் இரண்டு. கூர் வாய் மண்வாரியைத் தரையில் போட்டால் டைல்ஸ் பெயரும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வாருகிறவரும் தள்ளுகிறவரும் மாறிக்கொள்ள வேண்டும். மேசையில் உட்கார்ந்து பழகிய முதுகு முதல் மணி நேரத்தில் வீரம் காட்டும், மூன்றாவது மணியில் பிடித்துக்கொள்ளும்.

ஒரு மண்வாரி அள்ளுவதற்கு முன் வீட்டுக்காரர் எல்லா அறையையும் படம் எடுத்துக்கொள்ளட்டும். சுவரில் தண்ணீர் நின்ற கோடு, ஃப்ரிட்ஜின் பின்னால் இருக்கும் எண் உட்பட. காப்பீடு வைத்திருப்பவருக்கு அந்தப் படம்தான் சாட்சி. அடுத்து டி.பி. போர்டை, அதாவது வீட்டின் மின் சுவிட்ச் பலகையை, பாருங்கள்: மெயின் சுவிட்ச் இறங்கியிருக்க வேண்டும், போர்டு வரை தண்ணீர் ஏறியிருந்தால், மின்பணியாளர் வந்து சொல்லும் வரை யாரும் தொடக்கூடாது. பிறகு தலைக்கு மேல் பாருங்கள். நனைந்த ஜிப்சம் சீலிங் பலகை தொங்கினால் முதலில் அதை இறக்கிவிட்டுத்தான் கீழே வேலை.

வாசலிலிருந்து பின்னறை வரை ஒரு வழி வெட்டுங்கள். அப்புறம் கடைசி அறையிலிருந்து வாசலை நோக்கி வாருங்கள். சுவரின் இரு பக்கமும் சேறு உயர்ந்து நின்றால், இரு பக்கமும் சமமாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். ஒரு பக்கத்தை முழுக்க எடுத்துவிட்டால் மறுபக்கத்துச் சேற்றின் பாரம் ஒற்றைக் கல் சுவரைத் தள்ளிச் சாய்க்கும். வீட்டுக்குப் பின்னால் சரிந்த மண்மேட்டின் அடியைத் தோண்டவே கூடாது. டர்பனின் பெரியா மேட்டுச் சிவப்பு மணல் காய்ந்திருக்கும்போது செங்குத்தாக நிற்கும், நனைந்தால் பிடிப்பு விட்டுப்போகும். மேட்டைப் பொறியாளர்தான் பார்க்க வேண்டும்.

ஒரு வாளியைத் தனியாக வைத்து, கண்டெடுக்கும் பொருளையெல்லாம் அதில் போடுங்கள்: அடையாள அட்டை, தாலி, காமாட்சி விளக்கு, சாவி. ஒட்டிக்கொண்ட பழைய கல்யாணப் படங்களைப் பிரிக்காதீர்கள், பிய்ந்துவிடும். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் அலசி, ஊறித் தானாக விலகியதும் முகம் மேலே இருக்கும்படி நிழலில் பரப்புங்கள். அன்றைக்கு நேரமில்லையென்றால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடலாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சேற்றை மழைநீர் வடிகாலுக்குள் தள்ளிவிடுவதுதான் எல்லாரும் செய்யும் பெரிய தவறு. கண் முன்னால் மறைந்துபோகும், மனசுக்குச் சுகமாக இருக்கும். 2022 ஏப்ரலில் சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மி.மீட்டருக்கு மேல் பெய்தது. 100 சதுர மீட்டர் கூரையில் அது 30,000 லிட்டர், அதாவது 5,000 லிட்டர் ஜோஜோ டாங்க் ஆறு நிறைய. ஒரே வீட்டின் கணக்கு இது. அந்தத் தண்ணீருக்கு இருக்கும் ஒரே வழி நீங்கள் அடைத்த குழாய்தான்.

ஆணி ஏறாத அடித்தகடு வைத்த கம்பூட்ஸ், தடித்த ரப்பர் கையுறை, கண் கண்ணாடி கட்டாயம். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடம் தாண்டியவர்கள் முதலில் அதைப் போட்டுக்கொள்ளட்டும். வெள்ளச் சேற்றில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். காலில் வெட்டுக்காயம் இருப்பவர் அன்றைக்குச் சேற்றில் இறங்க வேண்டாம், வேறு வேலை பார்க்கலாம். திரும்பி வந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், டாக்டரிடம் "வெள்ளச் சேற்றில் வேலை செய்தேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் சாதாரண ஃப்ளூ என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார். எலிக்காய்ச்சல் என்று யாருக்கும் தோன்றாது.

ஜிக் பிளீச் எவ்வளவு கலக்க வேண்டும்? ஆளுக்கு ஒரு அளவு சொல்கிறார்கள்.
— வெருலம்

முதலில் சோப்புத் தண்ணீரால் சேறு போகக் கழுவ வேண்டும். சேற்றின் மேல் ஊற்றிய பிளீச் சேற்றோடு போராடியே வலுவிழந்துவிடும். கழுவிய தரைக்கும் சுவருக்கும் ஒரு பங்கு ஜிக், ஒன்பது பங்கு தண்ணீர். பத்து நிமிடம் ஈரமாக நிற்க வேண்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். அமோனியா கலந்த கிளீனருடனோ டாய்லெட் ஆசிட்டுடனோ ஒருபோதும் சேர்க்காதீர்கள், விஷ வாயு கிளம்பும்.

குடிநீருக்கு வேறு கணக்கு. கலங்கலைத் துணியில் வடிகட்டி, 20 முதல் 25 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி., கலந்து இரண்டு மணி நேரம் மூடி வைத்துப் பிறகு குடிக்கலாம். வாசனை சேர்க்காத சாதா ஜிக் மட்டும்தான். எலுமிச்சை வாசனை எல்லாம் தரைக்கு.

எங்கள் கடை சார்பில் 60 குடும்பங்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுக்க ஒரு பக்கி (சிறிய திறந்த சரக்கு வண்டி) போதுமா?
— மளிகைக் கடை, இசிபிங்கோ

குடிக்க மட்டும் என்றால் ஒரு நாளைக்குப் போதும். 60 குடும்பம் ஏறக்குறைய 300 பேர். ஆளுக்கு 3 லிட்டர் வைத்தால் 900 லிட்டர். ஒரு டன் பக்கியில் 5 லிட்டர் கேன் 200 ஏற்றலாம், 1,000 லிட்டர், அதற்கு மேல் ஒன்றுகூட ஏற்றாதீர்கள். ஆனால் குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் என்பதுதான் நிவாரணப் பணியில் உலகெங்கும் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு. அப்படியானால் 4,500 லிட்டர். பாட்டிலில் சுமந்து தீராது.

2022இல் டொங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமானபோது அந்த ஊர் பல மாதம் குழாய்த் தண்ணீர் இல்லாமல் தவித்தது. இப்படி நீளும் என்று தெரிந்தால் பாட்டில் பணத்தை டாங்குக்கு மாற்றுங்கள். 5,000 லிட்டர் டாங்க் ஒன்று, அதில் இரண்டு குழாய் (250 பேருக்கு ஒரு குழாயாவது வேண்டும்), தினம் நிரப்பும் லாரிக்கு வாடகை. டாங்க் நிறைந்தால் ஐந்து டன். சரிவிலோ புது மண்ணிலோ வைத்தால் ஒரு பக்கம் அமிழ்ந்து சாயும். இறுக்கிய மட்டமான தரை போட்டு, குழாயடியில் ஜல்லி கொட்டுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் நாளே அங்கே ஒரு சேற்றுக்குட்டை.

பக்கியின் பின்னால் ஆட்களையும் மண்வாரிகளையும் ஏற்றிப் போனால் போலீஸ் பிடிக்குமா?
— டெலிவரி டிரைவர், ஃபீனிக்ஸ்

பிடிக்கலாம், பிடித்தால் அவர்கள் பக்கம்தான் நியாயம். சாலைப் போக்குவரத்து விதிப்படி சரக்குப் பகுதியில் உட்காருபவரைச் சுற்றிக் குறைந்தது 350 மி.மீ. உயரத் தடுப்பு வேண்டும், நிற்பவருக்கு 900 மி.மீ. இடையில் தடுப்பு இல்லாமல் கருவிகளையும் ஆட்களையும் சேர்த்து ஏற்றக்கூடாது. சடன் பிரேக் போட்டால் மண்வாரி எங்கே பாயும் என்று யோசித்தாலே விதி புரிந்துவிடும். கருவி ஒரு வண்டி, ஆள் ஒரு வண்டி.

100 பேருக்குச் சமைத்துக் கொண்டுபோக எங்கள் காண்டீன் தயார். என்ன செய்யலாம்? பிரியாணி போடலாமா?
— காண்டீன் பொறுப்பாளர், மொபேனி

பிரியாணி வேண்டாமே. இறைச்சி வந்ததும் ஹலாலா, மாட்டிறைச்சியா, வெள்ளிக்கிழமை விரதமா என்ற கேள்விகளும் கூடவே வரும். சோறும் பீன்ஸ் குழம்பும் எல்லா மதத்தாரும் சாப்பிடுவது. சுலு வீட்டிலும் தமிழ் வீட்டிலும் அது அந்நியமில்லை. 100 பேருக்கு அரிசி 10 கிலோ, ஷுகர் பீன்ஸ் 6 கிலோ, உருளைக்கிழங்கு 6 கிலோ. பீன்ஸை இரவே ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் முதல் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வையுங்கள். அரைவேக்காட்டு பீன்ஸ் வயிற்றைப் புரட்டும். தேங்காய்ப்பால் சேர்க்க வேண்டாம், டர்பன் வெக்கையில் சீக்கிரம் புளித்துவிடும்.

கெடுவது பெரும்பாலும் சோறுதான். வடித்த சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் நின்றால் அதில் வளரும் கிருமியின் நஞ்சு மறுபடி சுட வைத்தாலும் போகாது. 60 டிகிரிக்கு மேல் சூடாகவே வைத்திருங்கள், முடியாவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறிவிடுங்கள். டப்பாவில் முன்கூட்டியே அடைத்துக்கொண்டு ஊர் சுற்றுவதைவிட அண்டாவோடு போய் அங்கேயே பரிமாறுவது நல்லது. எத்தனை பேர் என்று காலையில் போன் செய்து கேட்டுவிட்டு உலை வையுங்கள். மூன்று கம்பெனியும் ஒரே மண்டபத்துக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்து, ராத்திரிக்கு யாரும் வராமல் போவது வழக்கமாக நடப்பது.

நான் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். 54 வயது, முழங்கால் வலி. எங்களைப் போன்றவர்களால் என்ன பயன்?
— ஒரு வாசகி, உம்ஷ்லாங்கா

அம்மா, உங்களைப் போன்றவர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது. மண்வாரி பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள். ஒரு நோட்டில் ஒழுங்காக வரவு செலவு எழுத ஒருவர் கிடைப்பது அபூர்வம்.

நிவாரண மண்டபத்தில் முதலில் குலைவது கையிருப்புக் கணக்கு. ஒரு மேசை, இரண்டு நோட்டு: ஒன்றில் வந்தது, ஒன்றில் போனது. பொருள், எண்ணிக்கை, நேரம், கையெழுத்து. மாலையில் எண்ணிப் பார்த்துச் சரிபார்த்தல். இது இல்லாத இடத்தில் மூன்றாம் நாள் "யாரோ திருடிவிட்டார்கள்" என்ற பேச்சு எழும், நல்லவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். பெரும்பாலும் யாரும் திருடியிருக்கமாட்டார்கள், பால்பவுடர் பெட்டி போர்வைக் குவியலுக்கு அடியில் கிடக்கும்.

இரண்டாவது வேலை காகிதம். அடையாள அட்டை போனவருக்கு உள்துறை அலுவலகத்தில் புது ஸ்மார்ட் அட்டைக்கு 140 ராண்ட் கட்டணம். கையில் பஸ் காசே இல்லாதவருக்கு அது மலை. காப்பீட்டுப் படிவம், பள்ளிக்கூடக் கடிதம், வங்கி அட்டை எல்லாம் ஒன்றைப் பிடித்து ஒன்று. ஒரு லேப்டாப், ஒரு பிரிண்டர், இன்டர்நெட், சுலு பேசும் ஒருவர்: நாலு பேர் உட்கார்ந்தால் ஒரு நாளில் 30 குடும்பத்தின் காகிதத்தைத் தொடங்கிவைக்கலாம். அவர்களுடைய அடையாள எண்களை உங்கள் வாட்ஸ்அப்பில் வைத்திருக்காதீர்கள். அந்தந்தக் கவரில் போட்டு அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.

கம்பெனி எதை வைத்துப் பிழைக்கிறதோ அதையே கொடுப்பதுதான் நல்ல உதவி. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டட்டும், பிளம்பர் குழாய் போடட்டும். பிளம்பரைக் கூட்டிப்போய்ச் சேறு வார விடுவது வீண்.

சாஸ்ரியா வெள்ளச் சேதத்துக்குப் பணம் தருமா?
— டொங்காட்

தராது. அது கலவரம், வேலைநிறுத்தம் போன்றவற்றால் வரும் சேதத்துக்கான அரசுக் காப்பீட்டு நிறுவனம். வெள்ளத்துக்கு உங்கள் வழக்கமான காப்பீட்டு நிறுவனத்தைத்தான் கேட்க வேண்டும்.

"சனிக்கிழமை தொண்டு வேலைக்கு எல்லாரும் கட்டாயம் வர வேண்டும், சம்பளம் கிடையாது" என்கிறார் மேலாளர். இது சரியா? அங்கே அடிபட்டால் யார் பொறுப்பு?
— பெயர் வேண்டாம் என்று எழுதியவர், பைன்டவுன்

கட்டாயம் என்றால் அது தொண்டு இல்லை, வேலை. வேலை என்றால் அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டம் வந்துவிடும்: வாரம் 45 மணி நேரம், அதற்கு மேல் உங்கள் சம்மதத்தோடு மட்டும் ஓவர்டைம், அதுவும் சம்பளத்தோடு. தினம் 12 மணி நேரமும் வாரம் தொடர்ச்சியாக 36 மணி நேரமும் ஓய்வு வேண்டும். வெள்ளி இரவு ஷிஃப்ட் முடித்தவரைச் சனி காலை சேற்றில் இறக்கினால் சட்டமும் உடையும், முதுகும் உடையும். தொண்டு வேலைக்கென்று தனி விடுப்பு எதையும் அந்தச் சட்டம் கொடுக்கவில்லை. குடும்பப் பொறுப்பு விடுப்பு மூன்று நாளும் இதற்கல்ல. கம்பெனி மனம் வைத்து, சம்பளத்தோடு வருடத்துக்கு இத்தனை நாள் என்று எழுதிக் கொடுத்தால்தான் உண்டு.

அடிபட்டால் இழப்பீடு கிடைக்க, விபத்து வேலை காரணமாக, வேலையின்போது ஏற்பட்டிருக்க வேண்டும் என்கிறது தொழில் விபத்து இழப்பீட்டுச் சட்டம். தொண்டுச் சனிக்கிழமை அதில் அடங்குமா என்று பிறகு வாதாடிக்கொண்டிருப்பதைவிட, போகும் முன் மூன்றை எழுத்தில் கேளுங்கள்: இந்தப் பணி கம்பெனி அனுமதியோடு நடப்பது என்ற கடிதம், விபத்துக் காப்பீட்டில் இந்த நாள் சேர்ந்திருக்கிறது என்று காப்பீட்டாளர் கொடுத்த பதில், உங்களால் வீட்டுக்காரர் பொருளுக்குச் சேதம் ஆனால் அதற்கும் காப்பீடு உண்டா என்பது. மூன்றும் இல்லையென்றால் மரியாதையாக மறுத்துவிடலாம்.

நன்கொடைக்கு வரிச்சலுகை உண்டா? ஊழியர் செலவிட்ட நேரத்துக்கு?
— கணக்காளர், லெனேசியா

பணத்துக்கும் பொருளுக்கும் உண்டு, நேரத்துக்கு இல்லை. பெறும் அமைப்பு வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவில் அங்கீகாரம் பெற்று, அந்த ரசீது தர வேண்டும். வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை கழிக்கலாம். இங்கே நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: கோயில் பொதுநல அமைப்பாகப் பதிவாகியிருந்தாலும், சமயப் பணி 18ஏ பட்டியலில் கிடையாது. கோயில் ரசீதை வைத்துக் கழிக்க முடியாது. கோயிலின் நலப்பணிக் கிளைக்குத் தனியாக 18ஏ இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் காசோலை எழுதுங்கள். ஊழியர் சம்பளத்திலிருந்தே மாதம் பிடித்துக் கொடுத்தால், ஊதியத்தில் 5 சதவீதம் வரை அந்த மாத வரிப் பிடித்தத்திலேயே சலுகை கிடைத்துவிடும்.

நேரத்துக்குப் பயன் கம்பெனியின் பி.இ.இ. (கறுப்பினப் பொருளாதார வலுவூட்டல்) மதிப்பெண்ணில். பொது விதித் தொகுப்பின் சமூக-பொருளாதார மேம்பாட்டுப் பகுதியில், ஊழியரின் மாதச் சம்பளத்தை 160ஆல் வகுத்து மணிக்கூலி கண்டு, அதில் 80 சதவீதம் கணக்கில் வரும். 24,000 ராண்ட் சம்பளக்காரர் 8 மணி நேரம் உழைத்தால் 150 பெருக்கல் 8, அதாவது 1,200; அதில் 960 ராண்ட். வருகைத்தாளில் கையெழுத்து இல்லாவிட்டால் தணிக்கையாளர் ஒரு ராண்டும் ஏற்கமாட்டார்.

சுழற்காற்றில் கூரை பறந்த வீடுகளுக்கு எங்கள் கம்பெனி தகடு வாங்கித் தருகிறது. பொருத்தும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
— டொங்காட்

தகட்டைவிட அதைச் சுவரோடு கட்டும் பட்டையைக் கவனியுங்கள். காற்று உடைந்த ஜன்னல் வழியாகப் புகுந்து கீழிருந்து தள்ளும், மேலே ஓடும் காற்று உறிஞ்சும். தகடும் மரமும் சேர்ந்து ஒரே கூடாகத் தூக்கிக்கொண்டு போகும். இலேசான தகட்டுக் கூரைக்குக் கட்டும் பட்டை சுவருக்குள் 600 மி.மீ. இறங்கியிருக்க வேண்டும். 190 மி.மீ. கல், 10 மி.மீ. சாந்து என்றால் மூன்று வரிசை. பறந்த கூரைகளின் மரத்தைப் புரட்டிப் பாருங்கள்: பட்டையின் நுனியில் ஒரு வரிசைக் கல் ஒட்டிக்கொண்டே வந்திருக்கும். மேல் வரிசையில் மட்டும் செருகியதன் பலன் அது.

நிற்கும் சுவரில் பட்டையைப் புதைக்க முடியாது. சுவரின் முகத்தில் மூன்று வரிசை கீழே வரை பட்டை இறக்கிப் போல்ட் போட வேண்டும். உள்ளே பொள்ளலான கல்லில் போல்ட் பிடிக்காது, பிடித்ததுபோல் ஏமாற்றும். அந்தக் குழிகளைக் கான்கிரீட்டால் நிரப்பி, இறுகிய பிறகே போல்ட். மேடும் பள்ளமுமாக மடித்த ஐ.பி.ஆர். தகட்டில் ஸ்குரூ மேட்டில் போக வேண்டும், பள்ளத்தில் போட்டால் ஒழுகும். ஓரம், மூலை, முகடு, இறவாணம் இங்கெல்லாம் உறிஞ்சல் அதிகம், ஒவ்வொரு மேட்டிலும் ஒரு ஸ்குரூ.

கூரைமேல் ஏறுவது பயிற்சியும் பாதுகாப்புக் கயிறும் உள்ளவர்கள் மட்டும். மற்றத் தொண்டர்கள் கீழே அளப்பது, வெட்டுவது, மரத்துக்கு எண்ணெய் பூசுவது, தூக்கிக் கொடுப்பது.

ஃபீனிக்ஸ், சாட்ஸ்வொர்த்தில் பழைய நகராட்சி வீடுகளுக்கு அஸ்பெஸ்டாஸ் கூரை உண்டு. அது உடைந்து கிடந்தால் உலர்ந்தபடி கூட்டாதீர்கள், அறுக்காதீர்கள், துளை போடாதீர்கள். மெல்லத் தண்ணீர் தெளித்து, தடித்த பிளாஸ்டிக்கால் மூடிவிட்டு, பதிவுபெற்ற அஸ்பெஸ்டாஸ் ஒப்பந்தக்காரரைக் கூப்பிடுங்கள். அந்தத் தூசு சாதாரணத் துணி முகமூடிக்கு அடங்காது. உடனே ஒன்றும் செய்யாது, பல வருடம் கழித்து நுரையீரலில் தெரியும்.

வெள்ளம் போய் மூன்று வாரம். வீட்டுக்குப் பெயின்ட் அடித்துக் கொடுக்கப் போகிறோம்.
— வங்கி ஊழியர் குழு, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பொறுங்கள். கல் சுவரும் பூச்சும் 25 மி.மீ. கனத்துக்கு ஒரு மாதம் என்ற கணக்கில் காயும், அதுவும் காற்றோட்டம் இருந்தால். அரை மீட்டர் சதுரப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி, மறுநாள் பிரித்துப் பாருங்கள். உள்பக்கம் துளி கட்டியிருந்தால் சுவர் ஈரம். அதன் மேல் அடித்த பி.வி.ஏ. பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக உரியும், பின்னால் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். நீங்கள் போன பிறகு வீட்டுக்காரர்தான் அதைச் சுரண்டிக்கொண்டிருப்பார். இந்த மாதம் பெயின்ட் பணத்தில் கதவு, பூட்டு, மெத்தை வாங்கிக் கொடுங்கள். பெயின்ட் அடிக்க நாலு மாதம் கழித்துப் போகலாம்.

கம்பெனி டி-ஷர்ட்டோடு படம் எடுத்து முகநூலில் போடலாமா?
— சென்ச்சூரியன்

உங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பாதிக்கப்பட்டவர் முகம் தெரிந்தால் அவர் சம்மதம் வேண்டும், குழந்தை என்றால் பெற்றோர் சம்மதம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலையிலிருந்து முழுமையாக அமலில் இருக்கிறது. பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டே "படம் எடுக்கலாமா?" என்று கேட்பது சம்மதம் கேட்பதாகாது. கொடுத்து முடித்து, சற்று நேரம் கழித்துக் கேளுங்கள்.

1917 வெள்ளத்தில் தமிழ் மீனவர்கள் நூற்றுக்கணக்கானோரைக் காப்பாற்றினார்கள் என்று தாத்தா சொல்வார். உண்மையா?
— மாணவி, கிளேர்வுட்

உண்மை. 1917 அக்டோபரில் உம்கேனி ஆறு பெருகி, ஸ்பிரிங்ஃபீல்டு தாழ்நிலத்தில் டின் டவுனில் குடியிருந்த இந்தியத் தொழிலாளர் குடும்பங்களை மூழ்கடித்தது. கடலில் வலை இழுக்கும் படகோடு மாரிமுத்து படவட்டன் என்பவரும் உடன் ஐந்து பேரும் ஆற்றில் இறங்கி 176 பேரை மீட்டார்கள். "படவட்டன் அறுவர்" என்று இன்றும் பெயர்.

இதைப் படித்துவிட்டு யாரும் ஆற்றில் இறங்கப் புறப்பட வேண்டாம். அவர்கள் தினம் அலையை உடைத்துப் படகு தள்ளியவர்கள். அவர்கள் கொண்டுபோனதும் தங்கள் தொழிலைத்தான். ஓடும் தண்ணீர் 15 செ.மீ. இருந்தாலே பெரிய ஆளை வீழ்த்தும், 60 செ.மீ. பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போகும். பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் கம்பெனி வண்டி திரும்பிவிட வேண்டும். யார் காத்திருந்தாலும் சரி.

வீட்டில் பழைய துணி நிறைய இருக்கிறது. அனுப்பலாமா?
— ஷால்கிராஸ்

யாராவது கேட்டால் மட்டும், துவைத்து, அளவுவாரியாகப் பிரித்து, பெட்டியின் மேல் எழுதி. கேட்காமல் வந்த துணி மண்டபத்தில் மலையாகக் குவியும். அதைப் பிரிக்கப் பத்துப் பேர் வேண்டும், மழை பட்டால் நாறும், கடைசியில் குப்பைக்கு ஏற்ற லாரி வாடகை வேறு. புது உள்ளாடை, குழந்தை நாப்கின், சானிட்டரி பேட், மெத்தை இவற்றைத்தான் எப்போதும் தேடுகிறார்கள். அலமாரியைக் காலி செய்வதுதான் நோக்கம் என்றால் அதற்கு வெள்ளம் வரக் காத்திருக்க வேண்டியதில்லை.